கவிஞர் குடியிருந்த வீடு

“இந்த வீட்டுலதான் நம்ம கவிஞர் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தார்!”

வழிகாட்டி ஃபின்டன் குடையை நீட்டிக் காட்டினான். வந்திருந்த பத்தொன்பது பேரும் படம் எடுத்தார்கள்.

“நினைவுப் பலகையைக் காணோமே?” என்றாள் ஒருத்தி.

“மெருகு போடக் கழட்டியிருக்காங்கம்மா. டப்ளின் மழை பித்தளையைச் சும்மா விடுமா?”

கூட்டம் சிரித்தது. பூங்காக் கம்பிவேலி ஓரம் நின்ற பெரியவர் கொனாட்டி சிரிக்கவில்லை.

கவிஞர் குடியிருந்தது சதுக்கத்தின் எதிர்ப்பக்கம், முப்பத்தெட்டாம் எண் வீட்டில். அதை ஒட்டிய முப்பத்தேழில் கொனாட்டி நாற்பத்தொரு வருடமாக இருக்கிறார். அவருக்குத் தெரியாதா?

முதல் நாள், வாய் தவறியிருக்கும் என்று நினைத்தார். இது பன்னிரண்டாவது நாள். நேற்று வேறு இரண்டு வழிகாட்டிகளும் இதே வீட்டைக் காட்டினார்கள். நமக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து, காலையில் முப்பத்தெட்டின் சுவரில் இருக்கும் பலகையை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கி அருகே போனார்.

“தம்பி, கவிஞர் இருந்தது இந்த வீட்டுலயா?”

“இல்ல சார்.”

“தெரிஞ்சேவா பொய் சொல்றே? சுற்றுலா அலுவலகத்துக்குப் புகார் எழுதி வச்சிருக்கேன். உன் அனுமதி அட்டையைப் பிடுங்கிடுவாங்க.”

ஃபின்டன் முகம் வெளுத்தது.

“பொழப்பு போயிடும் சார். இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கங்க. அதுக்கு மேல தாங்காதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க.”

“எது தாங்காது? ஒண்ணும் புரியலையே!”

ஃபின்டன் குரலைத் தாழ்த்தினான்.

“அந்தக் காலத்துல ஒரு வீட்டுல யாராவது சாகக் கெடந்தா, வண்டிச் சத்தம் கேட்காம இருக்க வாசல் தெருவுல வைக்கோல் பரப்புவாங்க சார். இப்ப வைக்கோலுக்கு எங்க போறது? ஒரு நாளைக்குப் பதினோரு கூட்டம், ஜன்னலுக்குக் கீழேயே கத்திக்கிட்டிருந்தோம். அதான் வழிகாட்டிங்க ஏழு பேரும் பேசிவச்சு, எல்லாரையும் இந்தப் பக்கம் திருப்பிட்டோம்.”

“யாருப்பா... யாரு சாகக் கெடக்கிறது?”

இப்போது ஃபின்டனுக்குத்தான் புரியவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“முப்பத்தெட்டுல டெவனி சார். உங்க பக்கத்து வீடுதானே... உங்களுக்குத் தெரியாதா?”