சூட்டுப் பட்டை

கோடையில் பயிற்சிக் குதிரைகளுக்குச் சூட்டுப் பட்டை கட்ட வேண்டும் என்பது சட்டம். துடிப்பு எல்லை மீறினால் மேற்பார்வையாளரின் கைப்பேசி அலறும். குதிரை குளிரறைக்குப் போகும்.

அன்று ஏறிய மூன்றாவது குதிரையில் கண் இருட்டியதும் சவாரிக்காரர் இருதயசாமி இறங்கினார். குதிரையோடு தானும் குளிரறைக்குள் போய்விடலாம் என்று, பட்டையைக் கழற்றித் தன் சட்டைக்குள் கட்டிக்கொண்டார். சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நம்முடையதில் பாதி வேகத்தில்தான் துடிக்கும். குதிரை நின்றுவிட்டதென்று எல்லையைத் தாழ்த்திக்கொண்ட பட்டை, அவர் துடிப்பில் உடனே பதறியது.

மேற்பார்வையாளர் ஷர்மிளா ஓடிவந்து குதிரையை உள்ளே அனுப்பினார்.

"நீங்க எங்கண்ணே போறீங்க? குதிரைக்குத்தான் முடியல. அடுத்தது ரெடியா நிக்குது, ஏறுங்க."

இருதயசாமி ஏறினார்.

"இனி ஓடவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து" என்றது கைப்பேசி.

"அதான் உள்ள போயிருச்சே" என்று ஷர்மிளா அதை அணைத்தார்.