முதல் மூச்சுக்கு எத்தனை நிமிடம்?

ஆம்புலன்ஸ் ஊழியர் தங்கராஜுவை வண்டியிலிருந்து இறக்கி ஸ்டோர் வேலைக்கு அனுப்புவதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதற்கான அறிக்கையை எழுதும் வேலை நர்ஸ் மோகனாவின் தலையில் விழுந்தது.

பினாங்கில் மூச்சு அடைத்துக் கிடப்பவர்களுக்கு, மருத்துவமனைக்கு வருமுன்பே ஆம்புலன்ஸ்காரர்கள் எவ்வளவு சீக்கிரம் மூச்சு கொடுக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு. நோயாளியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்ததிலிருந்து முதல் மூச்சு உள்ளே போகும்வரை எத்தனை நிமிடம்? அவ்வளவுதான் கேள்வி. நோயாளியை ஒப்படைத்துவிட்டு, தே தாரேக் டீ குடித்துக்கொண்டே ஆய்வுத் தாளை நிரப்புவது அவர்கள் வழக்கம்.

மற்ற பதினோரு பேரின் தாளில் ஒரு நிமிடம். மிஞ்சிப்போனால் ஒன்றரை. தங்கராஜுவின் தாளில் மட்டும் மூன்று, நான்கு.

"பந்திக்கு முந்துவாரு, பேஷண்டுக்குப் பிந்துவாரு" என்று கூட்டாளிகள் கிண்டலடித்தார்கள். ஆய்வுக்குத் தலைவரான டாக்டர் முத்துவீரப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சுக்குத் தவிக்கிறவன் முன்னால் நான்கு நிமிடம் இந்த மனுஷன் என்னதான் செய்கிறார் என்று கேட்டார். மோகனாவுக்கும் கோபம்தான். கண்ணால் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று ஒரு மதியம் தங்கராஜுவின் வண்டியில் ஏறிக்கொண்டாள். கையில் ஸ்டாப்வாட்ச்.

அழைப்பு வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. சித்தி ஹாஜரா என்று ஓர் அம்மாள். ஆஸ்துமா முற்றி மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மோகனாவுக்குக் கனவு மாதிரிதான் இருந்தது. படியேறியது நினைவில்லை, மாடியில் நின்றுகொண்டிருந்தாள். சன்னல் வெயிலில் தூசி மெல்ல மிதந்தது. எங்கோ ஒரு புறா குனுகியது. தங்கராஜு மண்டியிட்டு, "வந்தாச்சு" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. பல்செட்டைக் கழற்றினார். வாயிலிருந்த வாந்தியை உறிஞ்சி எடுத்தார். தாடையைத் தூக்கி முகமூடியை வைத்தார். காற்று கசிந்தது, மறுபடி வைத்தார். நீலம் பாய்ந்த அந்த உதடுகளைத் தவிர மோகனாவின் கண்ணில் வேறெதுவும் படவில்லை. காற்றுப்பையை அழுத்தினார். நெஞ்சு லேசாக உயர்ந்தது.

"மூச்சு" என்றார்.

மருத்துவமனை வாசலில் ஹாஜரா விரலை அசைத்தபோது மோகனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒப்படைத்துவிட்டு வந்து தாளை எடுத்தாள். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தவே மறந்துபோயிருந்தாள். ஆனாலும் அவளுக்குச் சந்தேகமில்லை. 'ஒரு நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

"நல்லா வேகமாத்தானே செஞ்சீங்க அண்ணே? அப்புறம் ஏன் மூணு, நாலுன்னு எழுதி உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிறீங்க?"

தங்கராஜு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அதில் ஒலிப்பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கும் ஒரு நிமிஷம் மாதிரிதான் மிஸி இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் லா, யாரும் வேணும்னு பொய் எழுதல. அதான் போனை ஓடவிட்டுட்டு, கிட்டப் போனதும் ஒரு வார்த்தை, மூச்சு போனதும் ஒரு வார்த்தை. தாள்ல எழுதிட்டு, பதிவை அழிச்சிருவேன்."

பதிவை நிறுத்தி, முதலிலிருந்து ஓடவிட்டார். 'வந்தாச்சு'க்கும் 'மூச்சு'க்கும் நடுவில் மூன்று நிமிடம், நாற்பது விநாடி.

இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று மோகனா கேட்டாள்.

"சொன்னா மத்த பதினோரு பேரும் மாட்டிக்குவாங்க. புள்ளகுட்டிக்காரங்க. என் தாளையாச்சும் சரியா எழுதிட்டுப் போறேன்னு இருந்துட்டேன்."

மறுநாள் காலை டாக்டரின் மேசையில் மோகனா அறிக்கையை வைத்தாள். பதினோரு பேர் மீதும் குற்றமில்லை, கடிகாரம் கொடுக்காத ஆய்வின் மேல்தான் குற்றம் என்று அதில் எழுதியிருந்தாள். தங்கராஜு வண்டியிலேயே இருக்க வேண்டும். அவருடைய தாள்களை மட்டும்தான் நம்பலாம்.

பக்கத்தில், ஆய்விலிருந்து நீக்க வேண்டிய தாள்களின் கட்டு. அதில் முதல் தாளில் இருந்தது மோகனாவின் கையெழுத்து.