என் ராசி அப்படி

பாத்ரூம் போகிறேன் என்று ஜோசஃபினிடம் பொய் சொல்லிவிட்டு ஹாலை விட்டு வெளியே வந்தேன்.

உள்ளே எங்கள் மகள் பெனிட்டா ஃபைனல் ஆடிக்கொண்டிருந்தாள். மேடையில் இந்தப் பக்கம் ஐந்து பெண்கள், அந்தப் பக்கம் ஐந்து பெண்கள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துகிற ஆட்டம். ஆட்டத்தில் அவளுக்குப் பெயர் 'பன்பட்டர்'. பேக்கரியில் டீயோடு சேர்த்துக் கேட்டு வாங்குகிற பெயரை ஒரு ஹாலே எழுந்து நின்று கத்தியபோது நானும் சேர்ந்து கத்தினேன்.

ஆனால் நான் உள்ளே இருக்கக் கூடாது. நான் பார்த்தால் அவள் அணி தோற்றுவிடும்.

சிரிக்காதீர்கள். இது மூடநம்பிக்கை இல்லை, அனுபவம். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் நானும் ஜோசஃபினும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவியில் பார்த்த இரண்டு ஃபைனல்களும் போயின. இந்தப் போட்டியின் அரையிறுதி அன்று எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. ஒன்றுமே பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்த முறையும் கோப்பை இல்லையென்றால் பெண்கள் அணியையே கலைத்துவிடப் போவதாக அவர்களை வைத்து நடத்துகிற கம்பெனி சொல்லிவிட்டது. கொஞ்ச நாளாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தக் கவலையிலும் முதல் வரிசையில், தன் கண்ணுக்கு நேராக, எங்களுக்கு இரண்டு சீட் பிடித்து வைத்தாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வந்து உட்கார்ந்தேன். முதல் மூன்று ரவுண்டும் வரிசையாகப் போயின.

எழுந்துவிட்டேன். ஜோசஃபின் இருக்கிறாளே, பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் ஒரு முகமாவது தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வெளியே தூறல். வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சார், மேட்ச் ஒளகடே" என்று உள்ளே கையைக் காட்டினார்.

உள்ளே எனக்கு ராசியில்லை என்று கன்னடத்தில் சொன்னேன். உடனே நகர்ந்து, நனையாமல் நிற்க இடம் கொடுத்தார். அவரும் கிரிக்கெட் பார்க்கிறவர்தானே.

ஹாலிலிருந்து கோஷம் வந்தால் ரவுண்டு நமக்கு. 'ச்சே' என்று ஒரு பெருமூச்சு வந்தால் அவர்களுக்கு. நான் வெளியே வந்த பிறகு கோஷம் கூடிக்கொண்டே போனது. வெளியே நிற்கிற அப்பன் என்று என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்புறம் சத்தமே நின்றுவிட்டது. கடைசி ரவுண்டு என்றால் கூட்டம் இப்படித்தான் வாயடைத்துப்போகும். பொறுக்க முடியாமல் ஜோசஃபினுக்குப் போன் செய்தேன்.

ஹாலை ஒட்டி நின்ற ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போன் மணி அடித்தது.

போய் எட்டிப் பார்த்தேன். ஜோசஃபின் ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பால் காதைப் பொத்தியபடி, ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் போன் கத்துவதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளித் திரும்பினாள்.

"நீங்க பாத்ரூம்லருந்து வந்து உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சுல்ல நான் பக்கத்து வாசல் வழியா எழுந்து வந்தேன்! நான் பாத்தா புள்ள தோத்துடும், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே தோல்வியைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் ஆளுக்கொரு பக்கம் பழியைச் சுமந்திருக்கிறோம். அந்த நிமிஷம் அவள் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது.

அடுத்த நிமிஷம்தான் உறைத்தது.

முதல் வரிசை. அவள் கண்ணுக்கு நேராக இரண்டு காலி சீட். காதில் அவ்வளவு பெரிய ஹெட்ஃபோன் இருக்கையில் கூட்டம் கத்துவது அவளுக்குக் கேட்காது. நிமிர்ந்தால் தெரிவது நாங்கள்தான். தோற்கிற பிள்ளையை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் எழுந்து போய்விட்டார்கள் என்றல்லவா நினைத்திருப்பாள்?

ஓடினோம். கதவைத் தள்ளும்போதே கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். பன்பட்டர், பன்பட்டர். மேடையில் வண்ணக் காகிதம் கொட்ட, நான்கு பெண்களும் அவளைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டாள். எனக்கோ அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இருந்தது.

அவள் எங்களைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த கோப்பையைத் தோழியிடம் திணித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"தேங்க்ஸ் டாடி. மொதல்ல நீங்க போனீங்க. அப்புறம் மம்மியும் எழுந்து போனதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. உள்ள இருக்காதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

ஜோசஃபின் என்னைப் பார்த்தாள். நான் ஜோசஃபினைப் பார்த்தேன்.

பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஃபைனல் மும்பைல. ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். வந்து, இதே மாதிரி வெளிய நிக்கணும்."