சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ

ஸ்க்ரூ மச்சினனின் சட்டைப் பையில்தான் இருந்தது. தலைமைப் பொறியாளர் அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். அரிசி அளவுதான் இருந்தது.

"இது எதோட ஸ்க்ரூடா?"

"வாலுக்குப் போடறது அத்தான். மரை தேஞ்சிருந்துச்சு. கழட்டிட்டுப் புதுசு போட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"ஒரு ஸ்க்ரூ மாத்தினதையெல்லாமா சொல்லுவாங்க?" என்று சிரித்தான்.

ட்ரோனுக்கு வால் பொருத்துகிறவன் என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அவன் 'வால்'. சேட்டையிலும் அந்தப் பெயருக்குக் குறை வைத்ததில்லை. இன்று அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வருட உழைப்பு. முதுகுப் பையில் எடுத்துப் போய்க் குழாயிலிருந்து ஏவினால், ட்ரோன் வானத்தில் வட்டமடித்தபடி காத்திருக்கும். ஆளைக் கண்டதும் பாய்ந்து மோதி வெடிக்கும். சோதனைக்கு மட்டும் வெடிமருந்துக்குப் பதில் சுண்ணாம்புப் பொடி.

போன மாதம் வரை கோணிப்பை பொம்மையைக் குறி தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது. இந்த வாரம் மூன்று முறை ஏவினார்கள். மூன்று முறையும் பொம்மைக்குப் பத்தடி வரை வந்து, சட்டென்று திரும்பிப் போய் வேலிக்கு அப்பால் விழுந்தது. இன்று மதியம் ராணுவ அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். இன்றும் சொதப்பினால் பட்டறைக்குப் பூட்டுதான்.

ஏற்பாட்டில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. பொம்மை நிஜ ஆள் மாதிரி இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டதால் அதற்கு உடுப்புகூடப் போட்டாயிற்று. உபயம், அவர் மனைவி. ட்ரோன் பாயும்போது பக்கத்தில் போய் நின்று பார்த்தால்தான் தலைமைப் பொறியாளருக்குத் திருப்தி. தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று வருடம் முழுக்க ஆரஞ்சுச் சட்டைதான் போடுவார். 'பறங்கிப்பழம்' என்று கேலி செய்கிற மனைவி, பழைய சட்டைகளை மூட்டையாகக் கட்டி, "இனிமே பொம்மை போட்டுக்கட்டும்" என்று போன வாரம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"போட்டிக் கம்பெனி மேனேஜரோட நேத்து டீக்கடையில என்ன பேச்சு?"

"அவன் என்கூடப் படிச்சவன் அத்தான். சும்மா பழைய கதை பேசினோம்."

"பழைய கதையா, நம்ம ட்ரோன் கதையா?"

அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "என்ன அத்தான், என்னையா சந்தேகப்படறீங்க?"

"இங்க நான் உனக்கு அத்தான் இல்ல."

திசையைத் திருப்புவது வால். வாலில் கை வைப்பது இவன் ஒருவன்தான். படிப்பு ஏறாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து, தொழில் கற்றுக்கொடுத்து, சொந்தத் தம்பியாக வைத்திருந்தார். வேறு எவன் செய்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே என்று நெஞ்சு கொதித்தது.

அவரே போன் செய்தார். அரை மணி நேரத்தில் ராணுவ ஜீப் வந்து நின்றது. ரகசியத்தை விற்ற வழக்கு என்றால் வெளியே வர வருடக்கணக்காகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் புகாரில் கையெழுத்துப் போட்டார்.

ஜீப்பில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்தான். "அக்காகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்க. அழுதே உடம்பைக் கெடுத்துக்குவா." கொஞ்சம் தயங்கினான். "நீங்களும் ட்ரோன் விடும்போது தள்ளி நில்லுங்க."

போகிற நேரத்திலும் மிரட்டுகிறானே என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு புதிய ட்ரோன் ஒன்றை எடுத்து, வாலைத் தன் கையாலேயே பொருத்தினார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டு தடவை முடுக்கினார். அதிகாரிகள் வருவதற்குள் ஒரு தடவை ஏவிப் பார்த்துவிடலாம் என்று மைதானத்துக்குப் போனார்.

ட்ரோன் வட்டமடித்தது. பொம்மையைக் கண்டது. பாய்ந்தது. பத்தடி இருக்கும்போது சட்டென்று திரும்பிப் போய் வேலிக்கு அப்பால் விழுந்தது.

காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்த சாஃப்ட்வேர் பெண், என்ன ஆயிற்று என்று பார்க்க மைதானத்துக்கு ஓடிவந்தாள். ட்ரோனின் கண்ணுக்கும் மூளைக்கும் புரோகிராம் எழுதுகிறவள் அவள். பொம்மையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், இதுக்கு யாரு உங்க சட்டையைப் போட்டுவிட்டது?"

"நான்தான். ஏன்?"

"அதான் சார் விலகிப் போகுது. இந்த ஆரஞ்சுச் சட்டையைப் பாத்தா மோதாம திரும்பிடணும்னு நான் எழுதி வெச்சிருக்கேன்."

"யாரைக் கேட்டு எழுதினே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க சார்."

"யாரும்மா?"

"வால் அண்ணன்தான் சார். 'எப்படிப் பண்ணுவியோ எனக்குத் தெரியாது, எங்க அத்தான் மேல மட்டும் அது மோதவே கூடாது'ன்னு சொன்னாரு."