காரணத்துக்கு ஒரு கட்டம்

"கையை வெளிய எடு. ரெண்டையும்."

கை ஏற்கெனவே வெளியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகிவிடும். அதனால் எலக்ட்ரீஷியன் இரண்டு கையையும் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினான்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர். வயதில் பெரியவர் முன்னால் நின்றார். சின்னவர் இரண்டடி தள்ளி, இடுப்புத் துப்பாக்கிமேல் கை வைத்திருந்தார். பெரியவரிடம் அவனுக்குப் பயமில்லை. பயமெல்லாம் அந்தக் கையிடம்தான்.

"இங்க என்னப்பா வேலை?"

"இந்த வீட்டுல காலிங் பெல் ரிப்பேர் சார். வரச் சொன்னாங்க."

"வரச் சொன்னா பெல் அடிச்சு உள்ள போக வேண்டியதுதானே? எதுக்குப் பதினஞ்சு நிமிஷமா வாசல்ல நின்னு வீட்டையே பார்த்துட்டு இருக்கே?"

"பெல்தான் சார் ரிப்பேர்."

சின்னவர் முகம் மாறியது. "என்ன, நக்கலா?"

"ஐயோ, இல்ல சார்."

கேட்டைத் தட்டியிருக்கலாம். தட்ட மாட்டான். அவன் நிறத்தில், அவன் முகவெட்டில் ஆட்கள் இந்தத் தெருவுக்கு வேலைக்கு வருவார்கள், குடியிருக்க மாட்டார்கள். போன வருஷம் இதே மாதிரி ஒரு தெருவுக்கு வேலைக்குப் போன அவன் அண்ணன் ஒரு கேட்டுக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தான். மூன்று போலீஸ்காரர்கள் பாய்ந்து முறித்த அந்தக் கை இப்போது ஸ்பூன் பிடிப்பதோடு சரி. அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். யார் கேட்டிலும் கை வைக்காதே, வெளியே நில், போன் பண்ணு, அவர்களே வந்து திறக்கட்டும்.

அப்படியேதான் செய்தான். பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தாமதமானால் பேச்சு கேட்க வேண்டுமே என்று பத்தே காலுக்கே வந்து, கேட்டில் பதினாலு என்ற பித்தளை எண்ணைச் சரிபார்த்துவிட்டு, இரண்டு தடவை போன் போட்டான். இரண்டு தடவையும் எங்கேஜ்டு. வீட்டம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"சட்டைப் பையில என்னடா?" என்றார் சின்னவர்.

"டெஸ்டர் சார். கரண்ட் இருக்கான்னு பார்க்கிறது."

"எடு."

எடுப்பதென்றால் கையைக் கீழே இறக்க வேண்டும், கூராக ஒன்றை வெளியே இழுக்க வேண்டும். அண்ணன் கையில் அன்றைக்கு இருந்ததும் ஒரு ஸ்க்ரூடிரைவர்தான்.

"நீங்களே எடுத்துக்குங்க சார்."

"சொன்னதைச் செய்."

அந்த நேரம் பார்த்துப் பேன்ட் பையில் போன் அலறியது. பெண்டாட்டி. வேலை இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் தர வேண்டும். தராவிட்டால் இப்படித்தான் அவளே கூப்பிடுவாள். சின்னவரின் கை துப்பாக்கியோடு இடுப்பிலிருந்து மெல்ல எழும்பியது. எலக்ட்ரீஷியன் போனை அலற விட்டுவிட்டு, தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருந்தான்.

"அவரை விடுங்க."

கேட் திறந்தது. கையில் போனும் காலில் வீட்டுச் செருப்புமாக வீட்டம்மா.

"இவர் எங்க எலக்ட்ரீஷியன். இவரோட மிஸ்டு காலை இப்பத்தான் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தே ஆளைத் திருடன்னு முடிவு கட்டற புத்தி உங்களுக்கு என்னிக்குத்தான் போகும்?"

"மேடம், தகவல் வந்தா நாங்க விசாரிச்சுத்தானே ஆகணும்" என்றார் பெரியவர்.

"இதுக்குப் பேர் விசாரணையா? நான் இந்த ஏரியா போலீஸ் சீர்திருத்தக் குழுவில மெம்பர். தெருவுல ஒருத்தரை நிறுத்தினா காரணம் எழுதிச் சீட்டு கொடுக்கணும்னு உங்க கமிஷனரையே ஒத்துக்க வெச்சது நாங்கதான். சீட்டு எங்க?"

பெரியவர் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். பேனாவைத் திறந்துவிட்டுத் தயங்கினார்.

"'சந்தேகத்தின் பேரில்'னு போட்டுடறேன் மேடம்."

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். காரணத்துக்குன்னு இவ்வளவு பெரிய கட்டம் எதுக்கு விட்டிருக்கு? முழுசா எழுதுங்க. அது அவரோட உரிமை."

"முழுசாவா மேடம்?"

"ஒரு வார்த்தை விடாம."

பெரியவர் கேட்டை ஒரு தடவை பார்த்தார், வீட்டம்மாவை ஒரு தடவை பார்த்தார். நிதானமாக எழுதினார். கிழித்து, நாலாக மடித்து எலக்ட்ரீஷியன் கையில் வைத்தார். "தொலைச்சிடாதே" என்றார்.

ஜீப் போனதும் அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"ஏங்க எடுக்கல? உசிரே போயிடுச்சு."

"ஏணி மேல இருந்தேம்மா. ஒண்ணுமில்ல."

பெல்லில் ஒரு வயர் நைந்திருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலைக்கு அரை மணி ஆனது. ஸ்க்ரூ கையில் நிற்கவில்லை.

"இன்னும் நடுங்கறீங்களே தம்பி" என்று வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அடுத்த வாரம் மாடியில ஃபேன் மாட்டணும். தைரியமா வாங்க. நான் இருக்கேன்ல?"

"சரிங்க மேடம்."

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் சீட்டைப் பிரித்தான். பெரியவர் கையெழுத்து மணிமணியாக இருந்தது. கட்டம் நிறைய எழுதியிருந்தார்.

'காரணம்: காலை 10.20-க்கு வந்த போன். "எங்க வீட்டு வாசல்ல அந்த ஆளுங்கள்ல ஒருத்தன் நிக்கிறான், உடனே வாங்க." கூப்பிட்டவர்: பெயர் சொல்ல விரும்பாத பெண். வீட்டு எண்: 14.'