கிராஞ்சியில் ஒரு கல்

பச்சையம்மாளின் மாமியார் காசியம்மாள் முதல் உலக்கை போட, ஐந்து சுமங்கலிகள் கல்யாண மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணைப் பெற்ற பச்சையம்மாள் மட்டும் கதவோரம் நின்றாள்.

தள்ளி நில் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வைக்காமல் தானே ஒதுங்கிக்கொள்ள முப்பத்தேழு வருஷத்தில் பழகியிருந்தாள்.

அவள் பிறந்த அன்று, தொப்புள்கொடி அறுத்த கையோடு, வாசலில் தந்திக்காரன் வந்து நின்றானாம். சண்டைக்குப் போன சிப்பாய் கண்ணாயிரத்தின் வீட்டுக்குத் தந்தி வந்தால் வேறென்ன சேதி இருக்கும்? படிக்கத் தெரிந்தவரைக் கூட்டி வருவதற்குள் தெருவே மாரடித்து அழுது முடித்துவிட்டது. ஆளைக் காணவில்லை என்றுதான் போட்டிருக்கிறது என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பிறக்கும்போதே அப்பனை முழுங்கினவள். பச்சையம்மாள் என்று பெயர் வைப்பதற்கு முன்பே ஊர் அந்தப் பெயரை வைத்துவிட்டது. பிறகு சர்க்கார் காகிதம் வந்தபோதும் ஆள் இல்லை என்பதைத்தான் கேட்டுக்கொண்டார்கள். எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு கவுஸ் பாஷா உள்ளே வந்தான். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை. நேற்றுத்தான் லீவில் வந்திருந்தான். தெருவுக்கெல்லாம் கோடாலித் தைலம் கொடுத்தவன், பச்சையம்மாளிடம் ஒரு போட்டோவை நீட்டினான். அப்பாவின் கடைசிக் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று அவனிடம் எப்போதோ சொல்லியிருந்தாள்.

பச்சைப் புல்வெளி. வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். முன்னால் இருந்த கல்லின் அடியில் ஒரு செடி பூத்திருந்தது.

"கிராஞ்சின்னு ஒரு எடம், அக்கா. சண்டையில கைதியா புடிச்சவங்கள்ல செத்தவங்களை அங்கதான் பொதைச்சிருக்காங்க. முன்னால இருக்கே, அதான் உங்கப்பா கல்லு. நாலு ஞாயித்துக்கிழமை அவரு பேரைத் தேடி ஒவ்வொரு கல்லா பாத்துட்டு வந்தேன். கடைசியிலதான் தெரிஞ்சுது, வாசல்லயே பேரெல்லாம் புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கானுங்க!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. கிடைக்கிற ஒரு நாள் லீவையும் முன்பின் பார்த்திராத சிப்பாய்க்காக வெயிலில் நடந்தே தீர்த்திருக்கிறான். ஊர் பேர் தெரியாத யாரோ அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அண்ணாமலையார் அவர்களையெல்லாம் நன்றாக வைத்திருக்கட்டும்.

கல்லில் இருந்த இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. எண் தெரியும். விரலால் தடவிப் படித்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று.

பக்கத்திலிருந்த மாதத்தை கவுஸ் படித்துச் சொன்னான். நவம்பர்.

உலக்கைகள் நின்றன. அவள் பிறந்தது நாற்பத்திரண்டு பங்குனி என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

காசியம்மாள் கதவோரம் வந்தாள். தன் கையிலிருந்த உலக்கையை மருமகளிடம் நீட்டினாள்.

பச்சையம்மாள் அதைக் கவனிக்கவே இல்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தப்பாக இருக்கப் போகிறதே என்று மறுபடியும் எண்ணினாள்.

ஒரு வருஷம், எட்டு மாசம்.

அவ்வளவு நாள் அவளுக்கும் அப்பா இருந்திருக்கிறார்.