தங்க விளிம்புக் கோப்பை

"யாரும் வாயில வச்சிராதீங்க! மொதல்ல நம்ம ஜெபக்குமாருக்குத் தங்க விளிம்புக் கிளாஸ் வரட்டுங்க."

தரணீதரன் கையை உயர்த்தியதும் மேசை அமைதியாயிற்று. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொங்கலூரிலிருந்த அவருடைய தோட்டத்து வீட்டில் நண்பர்கள் நால்வர் கூடிப் புதுப்புது ஒயின்களைச் சுவைத்துப் பார்ப்பது வழக்கம். ஐரோப்பாவுக்குப் பனியன் அனுப்பிவிட்டு, அங்கிருந்து நாகரிகத்தைத் தருவித்துக்கொண்ட ஏற்றுமதி முதலாளி அவர்.

மேசைமீது மூன்று புட்டிகள் நின்றன. பெயரைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றுக்கும் கழுத்துவரை பனியன் துணியில் உறை மாட்டியிருந்தார்கள்.

"லேபிளைப் பார்த்து மரியாதை குடுக்கறவன் வெறும் குடிகாரனுங்க. நாக்கை நம்பி மரியாதை குடுக்கறவன்தான் ரசிகன்!" என்று முழங்கினார் தரணீதரன். "இந்த மேசையில சாதி இல்லீங்க, மதம் இல்லீங்க. நாக்கு ஒண்ணுதானுங்க!"

நூல் வியாபாரி சுப்பையன் கைதட்டினார். "போன மாசம் நாசிக் ஒயினைப் பிரான்சுன்னு சத்தியம் பண்ணுன நாக்குதானுங்களே அது?" என்று நிட்டிங் ஆலை வைத்திருக்கும் கதிர்வேல் சீண்ட, சிரிப்பு வெடித்தது.

ஜெபக்குமாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. புட்டி தேர்ந்தெடுக்கும் முறை இன்றுதான் முதன்முதலாக அவருக்கு வந்திருந்தது. ஓர உறைக்குள் இருந்த போர்ச்சுக்கல் ஒயின் அவர் தேடிப் பிடித்தது.

தெற்கிலிருந்து பிழைக்க வந்த தையல்காரரின் மகன் அவர். இன்று ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டுக்கு உரிமையாளர். தொழில் அவரை முதலாளியாக்கிவிட்டது. இந்த மேசை தன்னை நண்பனாக்கியிருக்கிறதா என்பதைத்தான் அவருடைய மனம் இன்று அறியத் துடித்தது.

ஆக்கியிருக்கிறது என்பதற்கு அந்தத் தங்க விளிம்புக் கோப்பையே சான்று! முதல் நாள் வந்தபோது, சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு என்றுகூடத் தரணீதரன் அக்கறையோடு விசாரித்தார். அடுத்த சந்திப்பிலேயே ஜெபக்குமாருக்கென்று அந்தக் கோப்பை வந்து நின்றது. மற்ற மூவருக்கும் சாதாரணக் கண்ணாடி.

"எங்களுக்கெல்லாம் சாதா கிளாஸு, உங்களுக்கு ராஜா கிளாஸு. குடுத்து வச்சவருங்க நீங்க!" என்றார் கதிர்வேல்.

"பின்னே என்னுங்க? ஒயினுக்கு ஏத்த கிளாஸ் மாதிரி, ஆளுக்கு ஏத்த கிளாஸ்!" என்றார் தரணீதரன்.

அந்தக் கண்ணாடி மிக மெல்லியது. அதனால் வேலையாட்கள் அதைத் தொடுவதில்லை. வாசல் குழாயடியில் அதற்கென்றே ஒரு மூங்கில் கூடை இருந்தது. அருமை தெரிந்த கைதான் அதைக் கழுவ வேண்டும் என்பார் தரணீதரன். அந்தப் பெருமை முழுவதையும் ஜெபக்குமாருக்கே வழங்கியிருந்தார்.

"இருங்க அண்ணாச்சி, நானே கழுவிக் கொண்டாறேன்" என்று எழுந்தார் ஜெபக்குமார். போகிற வழியில் தமது காரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

குழாய் வெகுநேரம் ஓடியது. "என்னுங்க இது, கிளாஸைக் கழுவறாரா, இல்ல துணிக்கு டையிங் போடறாரா?" என்றார் சுப்பையன். மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஜெபக்குமார் ஒரு தட்டோடு உள்ளே நுழைந்தார். தட்டில் நான்கு கோப்பைகள். நான்கிலும் தங்க விளிம்பு. நான்கும் ஒரே அச்சு.

"உங்களை வச்சுக்கிட்டு நான் மட்டும் நல்ல கிளாஸ்ல குடிக்கது எனக்குக் கூச்சமா இருந்துச்சு அண்ணாச்சி. அதான் துணி வாங்குற ஜெர்மனி பையர்ட்ட சொல்லி, அதே கம்பெனியில மூணு வரவழைச்சேன். எல்லாத்தையும் ஒண்ணாக் கழுவிட்டேன். இனிமே எனக்குன்னு தனியா எதுக்கு? எல்லாருக்கும் ஒரே கிளாஸ்!"

ஓரப் புட்டியைத் திறந்து நான்கிலும் அளவு குறையாமல் ஊற்றினார். கனிந்த நாவல்பழம் போன்ற மணம் கூடமெங்கும் பரவியது.

சாதாரணக் கண்ணாடியில் குடிக்க நேர்ந்ததற்காக இத்தனை மாதம் பொறாமைப்பட்டவர்கள் பாய்ந்து எடுப்பார்கள் என்றுதான் அவர் நினைத்தார். ஒரு கைகூட நீளவில்லை.

"எனக்குக் காலையிலிருந்தே நெஞ்செரிச்சலுங்க" என்றார் சுப்பையன். மணியடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கதிர்வேல் ஜன்னலோரம் போய் நின்றார்.

ஜெபக்குமாரின் முகம் வாடியது. "என்ன அண்ணாச்சி, வாசனையே பிடிக்கலையா? வேற புட்டி வேணா திறக்கட்டுமா?"

"சேச்சே! வாசனை அருமைங்க. இப்படியொரு ஒயினை நாங்க கண்டதே இல்லீங்க" என்றார் தரணீதரன்.

சொல்லிவிட்டு ஒரு கோப்பையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பைச் சுற்றிலும் உற்றுப் பார்த்தார், கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார்; அதையும் வைத்தார். நான்கும் பளபளத்தன, ஒன்றுக்கொன்று வேற்றுமை காட்டாமல்.

பிறகு, முகத்தில் புன்னகை மாறாமல், குரலில் மரியாதை குன்றாமல், ஜெபக்குமார் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்:

"ஏனுங்க, இதுல உங்க பழைய கிளாஸ் எதுங்க?"